வாசிக்காமல் விட்ட படலம்

எனக்குக் காப்பியங்கள் பிடிக்காது. ஒருவன் வில்லை எடுக்க நாலு பாட்டு, நாணேற்ற ஆறு பாட்டு, அம்பு போய்ச் சேருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கணக்கு ரீச்சருக்குக் கவிதை ஏறாது என்று ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பகிடி பண்ணுவார். அவர் சொன்னது சரிதான். அப்படிப்பட்ட நான் கிட்டத்தட்ட மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பாயில் இருந்து ஒரு பெரிய காப்பியத்தைக் கேட்டேன் என்றால், அது மச்சாளுக்காகத்தான். அவளைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை.

மச்சாளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவள் என் அண்ணையைக் கட்டிய நாளில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டுவிட்டார். முதலில் பகிடியாகத்தான் மச்சாள் என்றேன். பிறகு அதுவே வாயில் நின்றுவிட்டது. இங்கே எவருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. காப்பியத்தின் பெயரையும் சொல்லவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் சங்கடம் வேண்டாம்.

எங்கள் ஊர் காங்கேசன்துறைக்குக் கிழக்கே கடற்கரையோடு கிடந்தது. ஆண்களில் பாதிப்பேர் தோணியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள். மற்றவர்கள் சீமெந்துத் தொழிற்சாலையிலோ கந்தோர்களிலோ வேலை செய்தார்கள். ஐம்பத்தாறாம் ஆண்டு தமிழைத் தள்ளிவைத்த மொழிச்சட்டம் வந்து ஊர் கொதித்துக் கிடந்தபோது, வாசிகசாலைப் பெடியங்களுக்குத் திடீரென்று பழந்தமிழ் படிக்கும் ஆசை வந்தது. மேடையில் பேசுவதற்கு நாலு பாட்டாவது தெரிய வேண்டாமா? அவர்கள் போய் நின்ற இடம் பென்சன் எடுத்த ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வாசல். அவர் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்லுகிறவர். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்லுவதுதான் எங்கள் பக்கத்துப் புராண படிப்பு. அதே முறையை அவர் வாசிகசாலைக்குக் கொண்டுவந்தார். கோயிலில் வாயை மூடிக் கேட்க வேண்டும், இங்கே கேள்வி கேட்கலாம், சண்டையும் பிடிக்கலாம் என்பதுதான் வித்தியாசம். பெண்களும் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். யன்னலோரம் எங்களுக்கென்று இரண்டு பாய் விரித்தார்கள்.

வாசித்தவர் சீமெந்துத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்த ஓர் இளைஞர். நல்ல குரல். அந்தக் குரலைக் கேட்கவே சில பெண்கள் வந்தார்கள் என்று நான் சொன்னால் இப்போது யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஆளுக்கொரு பாத்திரம். ஒரு பிஸ்கற் ரின்னில் பாத்திரங்களின் பெயர்களை எழுதிப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். யாருக்கு யார் வந்ததோ, அவருக்காகப் புத்தகம் முடியும் வரை அவர் வழக்குப் பேச வேண்டும். எனக்கு ஒரு தோழி வந்தாள். காப்பியம் முழுவதிலும் அவள் இரண்டு தடவைதான் வாய் திறப்பாள். அது எனக்குப் பெரிய ஆறுதல். மச்சாளுக்கு வந்தவள் பகை அரசனின் மனைவி.

"என்ரை அரசிக்கு ஏன் பாட்டே இல்லை?" என்று மச்சாள் ஒவ்வொரு கிழமையும் கேட்பாள். "சண்டைக்கு வெளிக்கிட்ட ஆம்பிளையளுக்கு ஆயிரம் பாட்டு. வீட்டிலை இருந்து வழி பாக்கிறவளுக்கு ஒண்டு. உந்தப் புலவர் கலியாணம் கட்டினவரோ ஐயா?"

ஸ்டேஷன் மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரிப்பார். "பொறு பிள்ளை. அவவுக்கெண்டு ஒரு முழுப் படலம் கிடக்கு. அரசன் விழுந்த பிறகு அவ போர்க்களத்துக்கு வந்து புலம்புற இடம். இந்தப் புத்தகத்திலையே அதுக்கு மேலை ஒண்டும் இல்லை. வரட்டும், நீயே சொல்லுவாய்."

அன்றிலிருந்து அது மச்சாளின் படலம் என்றே பெயராகிவிட்டது. தோணியில் போய்வருகிற அண்ணை ஊரில் நிற்கும் நாட்களில் வாசிகசாலைக்கு வெளியே, யன்னலுக்கு அந்தப் பக்கம் சுருட்டோடு நின்று எட்டிப் பார்ப்பார். உள்ளே வரமாட்டார். இரவு சாப்பிடும்போது, "என்ன, உங்கடை அரசி இண்டைக்காவது வாயைத் திறந்தவவோ?" என்று மச்சாளைக் கேட்பார். அவர் சட்டென்று கோபிக்கிறவர், அதே வேகத்தில் சிரிக்கிறவர். கட்டி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை என்று ஊர் பேசியதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

வகுப்புத் தொடங்கி இரண்டாம் வருடம், ஐப்பசி கடைசியில், அண்ணை திருகோணமலைக்குப் போன தோணியில் போனார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்றுத் தோதாகத் திரும்பியதும் தோணிக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் வாசிகசாலையால் வீட்டுக்கு வந்தபோது அண்ணை வெளிக்கிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இப்படி நடப்பது புதிதில்லை. கடலோடிகளின் வீடுகளில் வழியனுப்புவதற்கு நேரகாலம் பார்க்க முடியாது. மச்சாள் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கார்த்திகைக் காற்று அந்தத் தோணியைப் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு கிழமை ஊரில் எல்லோரும் துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிந்தார்கள். தந்தி அடித்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் ஒரு தோணிப் பாய்த்துண்டு ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. யாரோ அதைக் கொண்டுவந்தும் காட்டினார்கள். கிழிந்து, உப்பேறி, விறைத்துப்போன துண்டு.

"எல்லாத் தோணிப் பாயும் ஒரே துணிதான்" என்றாள் மச்சாள். அதற்கு மேல் அந்தத் துண்டை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். கிழிந்த தோணிப் பாயை ஒருமுறை அண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பித்தவர். ஓரத்தில் போட்டிருந்த ஒட்டு அம்மாவின் தையல். அம்மாவும் அதைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போய்விட்டோம். அண்ணை இனி வரமாட்டார் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அந்தத் தோணியில் போன மற்றவர்களின் வீடுகளில் ஆறேழு மாதம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்து, கீரிமலையில் கடைசிச் சடங்கான அந்தியேட்டியும் செய்து முடித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மச்சாள் காலையில் தலை முழுகிக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் தாலிக்கு மஞ்சள் பூசினாள். கோயிலில் பெண்கள் முதலில் அவளுடைய நெற்றியைப் பார்ப்பார்கள், பிறகு கதைப்பார்கள். ஒருவரும் அவளுக்கு முன்னால் ஒரு சொல்லுச் சொல்லவில்லை. வாய்க்குப் பேர்போன எங்கள் ஊர் ஒரு வருடம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

அவள் நம்புவதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் எங்கள் வகுப்பிலேயே, முன்வரிசைக் கதிரையில், மூக்குப்பொடி டப்பாவோடு இருந்தது. அவரை ஊரில் எல்லோரும் தண்டையல் அப்பு என்பார்கள். இளவயதில் தண்டையலாகத் தோணி ஓட்டியவர். ஒருமுறை புயலில் அடிபட்டு, பர்மாக் கரையில் ஒதுங்கி, காய்ச்சலில் கிடந்து, கையில் ஒரு சதமும் இல்லாமல் பத்து மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தாராம். வந்தபோது அவருடைய அந்தியேட்டி முடிந்து, மனைவி வெள்ளைச் சேலையில் இருந்தாராம். செத்துப் பிழைத்தவன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு ஊரைச் சிரிக்க வைப்பார். மச்சாள் அந்தக் கதையை அவரிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். எந்தக் கரை, என்ன காற்று, யார் சோறு தந்தார்கள் என்று விடாமல் கேட்பாள். அவரும் சலிக்காமல் சொல்லுவார். அவர் அந்தக் கதிரையில் இருக்கும் வரை அண்ணைக்கும் ஒரு வழி இருந்தது.

வகுப்பை அவள் ஒருநாளும் விடவில்லை. புருஷன் கடலில், இவளுக்குப் படிப்புக் கேட்குதோ என்று சிலர் கசமுசவென்று பேசியது என் காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் ஏன் அவ்வளவு பிடிவாதமாகப் போகிறாள் என்பது எனக்கும் விளங்கவில்லை. அரசிக்காக அவள் முன்போலவே வழக்குப் பேசினாள். குரல் மட்டும் தணிந்திருந்தது.

எனக்கு ஒரு கோபம் உள்ளுக்குள் இருந்தது. இப்போது அதை எழுதலாம் என்று நினைக்கிறேன். போனவர் எனக்கும் அண்ணைதான். எனக்குச் சைக்கிள் பழக்கியவர், என்னைப் படிப்பிக்க வேண்டும் என்று அம்மாவோடு சண்டை பிடித்தவர். ஆனால் மச்சாள் காத்திருந்தபடியால் எனக்கு அழ இடமில்லாமல் போய்விட்டது. கிணற்றடியில் முகம் கழுவுகிற சாட்டில் அழுதுவிட்டு வருவேன். அம்மாவின் கண் சிவந்திருக்கும், கேட்டால் அடுப்புப் புகை என்பார். மூன்று பெண்கள் ஒரு வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு திரிந்தோம்.

காப்பியம் மெல்ல மெல்லப் போர்க்களத்துக்கு வந்து சேர்ந்தது. தளபதிகள் விழுந்தார்கள், தம்பிமார் விழுந்தார்கள். அடுத்த கிழமை பகை அரசன் விழுவான் என்று தெரிந்ததும், நான் மச்சாளை மெதுவாகக் கேட்டேன்.

"இந்த ஞாயிறு வீட்டிலை நிப்பமே மச்சாள்? எனக்குத் தலையிடியாய்க் கிடக்கு."

"உனக்கு எப்பவும் ஞாயிற்றுக்கிழமைதான் தலையிடிக்கும்" என்றாள். "இரண்டு வருஷமாய்ப் பாத்துக்கொண்டிருந்த படலம். நான் போகாமல் விடுவனே?"

நாங்கள் போனபோது வாசிகசாலை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. கிளாக்கர் அரசன் விழும் பாட்டுகளை வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பயன் சொன்னார். கடைசிப் பாட்டு முடிந்ததும் மச்சாள் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தாள். கிளாக்கர் விரலை நாக்கில் தொட்டு, பக்கங்களை ஒரு கொத்தாகப் பிடித்துத் திருப்பினார். அந்த இடத்தில் முன்னரே ஒரு கடதாசித் துண்டு வைத்திருந்தது. அங்கிருந்து வெற்றி பெற்றவர்களின் பாட்டை, களிப்பான இராகத்தில் எடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மூச்சு விடாமல் பொருள் சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு சொல்லுக்கு ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கிற வகுப்பு. அன்று எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா" என்றாள் மச்சாள். "ஒரு படலம் விட்டுப்போச்சு."

"எது பிள்ளை?"

"என்ரை படலம்."

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது… அது அந்தப் புலவர் பாடினது இல்லையெண்டு சில பேர் சொல்லுகினம் பிள்ளை. பிறகு வந்த ஆரோ எழுதிச் செருகினதாம். நேரமும் காணாது. அதுதான்…"

எந்தப் பாட்டையாவது இடைச்செருகல் என்று யாராவது சொல்லிவிட்டால் அடிக்கப் போகிற மனிதர் அவர். அதற்காகவே ஒரு வித்துவானோடு பல வருடம் பேசாமல் இருந்தவர்.

"அதுக்கு மேலை இந்தப் புத்தகத்திலை ஒண்டும் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றாள் மச்சாள்.

அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிளாக்கர் புத்தகத்துக்குள் குனிந்தார். பெடியங்கள் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். கடைசியில் அவளுடைய பார்வை முன்வரிசைக் கதிரைக்கு வந்து நின்றது.

"அப்பு, உங்களிட்டையும் கேட்டவையோ?"

தண்டையல் அப்பு பொடி டப்பாவைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "ஓம் பிள்ளை."

"நீங்களும் விடத்தான் சொன்னியளோ?"

"ஓம்" என்றார். பிறகு, "காலம் கனக்கப் போட்டுது, மேனை" என்றார். செத்துப் பிழைத்த அந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மச்சாள் எழும்பினாள். "வா, போவம்" என்றாள் என்னிடம்.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கை நீளமானது, இரண்டு பக்கமும் பனையோலை வேலி. அவள் முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"நீ எப்ப துவக்கம்?"

என்னவென்று நான் கேட்கவில்லை. "அந்தப் பாய்த்துண்டு வந்த அண்டு துவக்கம்" என்றேன். "அது அம்மான்ரை தையல், மச்சாள்."

"எனக்கும் தெரியும்" என்றாள்.

அதைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டாள், என் சேலையைத் தோய்த்துக் காயவிட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. வகுப்பும் நின்றுபோனது. கிளாக்கர் இனி வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாதியில் நின்ற புத்தகம் வாசிகசாலை அலுமாரிக்குள் கிடந்தது.

கிளாக்கரேதான் பிறகொரு நாள் என்னைத் தபால் கந்தோருக்கு முன்னால் கண்டு நடந்ததைச் சொன்னார். கோயிலில் பூசை முடிந்ததும் கூடிக் கதைத்திருக்கிறார்கள். வகுப்பை ஒரு மாதம் நிறுத்தலாம் என்று ஒருவர். அன்றைக்கு மட்டும் பெண்களை வரவேண்டாம் என்று சொல்லலாம் என்று இன்னொருவர். அது மரியாதையில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் மறுத்துவிட்டாராம். கடைசியில், படலத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். படித்த மனிதர்கள். இரண்டு வருடமாக அந்தப் படலத்துக்காகவே காத்திருக்கிறவளுக்கு அது தெரியாமல் போகும் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர்கள்மேல் கோபிக்க மட்டும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கோப்பி கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மச்சாள் கதவு நிலையோடு சாய்ந்து நின்றாள்.

"நோகக் கூடாது எண்டுதான் பிள்ளை செய்தனாங்கள். பிழையாய்ப் போச்சு."

"ஐயா, நீங்கள் அதை வாசிச்சிருந்தால் அது எப்பவோ இருந்த ஒரு அரசியின்ரை கண்ணீர். நானும் கேட்டு, எல்லாரோடையும் சேந்து கொஞ்சம் அழுதுபோட்டு வீட்டை வந்திருப்பன். நீங்கள் விட்டபடியால்தான் அது என்ரையாய்ப் போச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

"வாற ஞாயிறு திரும்ப வையுங்கோ. விட்ட இடத்திலையிருந்து வாசிப்பம்" என்றாள் மச்சாள்.

"ஆர் பிள்ளை வாசிக்கிறது? தம்பி மாட்டனெண்டு நிக்கிறான்."

"நான் வாசிக்கிறன்."

சபையில் பெண் ஒருத்தி புத்தகத்தை விரித்து வாசித்தது எங்கள் ஊரில் அதற்கு முன்னர் நடந்ததில்லை. ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று வாசிகசாலை நிறைந்து வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். அம்மாவும் வந்தார். மச்சாள் பொட்டோடும் தாலியோடும் போய், கிளாக்கர் இருக்கும் இடத்தில் சம்மணம் கட்டி இருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில் இருந்தார்.

அவளுக்கு இராகம் வராது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, சொல்லுச் சொல்லாகப் பிரித்து வாசித்தாள். முதல் பாட்டுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் பயன் சொன்னார். இரண்டாவதுக்குப் பாதி சொன்னார். மூன்றாவதுக்கு வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. "நீ வாசி மேனை" என்று கையால் காட்டினார். பிறகு அவள் நிறுத்தாமல் வாசித்தாள். எனக்குப் பிடிக்காத காப்பியம். அந்த அரசி அத்தனை நாளும் ஏன் வாய் திறக்காமல் இருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கடைசிப் பாட்டு முடிந்தது. மச்சாள் நிமிரவில்லை. கண் புத்தகத்திலேயே இருக்க, அதே குரலில், அதே வேகத்தில் மேலும் வாசித்துக்கொண்டு போனாள்.

"இண்டைக்கு ஒரு நாள் படிப்புக்குப் போகாதை எண்டு கேட்டனீங்கள். காத்துத் திரும்பும் போலை கிடக்கு, நான் வெளிக்கிட வேண்டி வரும், நில்லு எண்டு கேட்டனீங்கள். நான் நிக்கேல்லை. கோவிச்சுக்கொண்டு திருநீறும் பூசாமல் போனீங்கள். போட்டு மூடி வைச்ச சோறு வைச்சபடி கிடந்துது. நீங்கள் பாயேத்தின நேரம் நான் இஞ்சை, இந்தப் பாயிலை இருந்து, ஆரோ ஒரு அரசிக்காகக் கதைச்சுக்கொண்டு இருந்தன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் படுத்தெழும்பியும் இது எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு போனவர் கோபம் ஆறித் திரும்பி வரத்தானே வேண்டும் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். பாய்த்துண்டில் இருந்த தையலைத் தெரிந்துகொண்டே காத்திருந்திருக்கிறாள்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு கதைத்தாள். எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது. அவை பாட்டில் இல்லாத சொற்கள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் அவளுடைய குரலுக்குத் தக்கபடி, கண்ணீர் ஓட ஓட, பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துச் சத்தம் போட்டு அழுதேன். அண்ணை போன பிறகு அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

அந்த மாதமே எங்கள் வீட்டிலும் செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். கீரிமலையில் அந்தியேட்டி முடிய, அம்மா ஐயரோடு கதைத்துக்கொண்டு நின்றார். மச்சாள் கேணியில் முழுகிவிட்டு, ஈரத்தலையோடு, வெறும் நெற்றியோடு கடலைப் பார்த்தபடி படியில் இருந்தாள். நான் துவாயைக் கொண்டுபோய் அவளுடைய தலையைத் துவட்டினேன். அவ்வளவு நாளும் பேசாமல் இருந்தவள் என்னுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கு அவரைச் சின்னனிலையிருந்து தெரியும்" என்றாள். "உண்மையைச் சொல்லு. அந்தக் கோவம் எவ்வளவு நேரத்துக்கு நிண்டிருக்கும்?"

"துறையைத் தாண்டமுந்தியே ஆறியிருக்கும், மச்சாள்" என்றேன்.

அவள் என்னுடைய முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, துவட்டு என்று காட்டினாள். நான் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சின்ன வயதில் அவர் ஒருமுறை என்னோடு கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தவர். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.